ஃப்ரிட்ஜில் மறந்துபோய்க் கெடும் சாப்பாடு: ஸ்மார்ட் கருவி எதுவாவது நிஜமாக உதவியதா?

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நானும் கணவரும் வெவ்வேறு ஷிஃப்டில் வேலைக்குப் போகிறவர்கள். மாமியார் பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார். பெண் பள்ளி விட்டு வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து, கதவைச் சாத்தாமலே நின்றபடி எதையாவது எடுத்துத் தின்பாள். யார் எதை எப்போது உள்ளே வைத்தார்கள் என்பது மற்ற மூன்று பேருக்கும் தெரியாது.

போன ஞாயிறு எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்தேன். கீழ்த்தட்டின் பின்மூலையில் ஒரு டப்பா. திறந்தால் சாம்பல் நிறத்தில் பஞ்சு படர்ந்திருக்கிறது. அது என்ன பதார்த்தமாக இருந்தது என்று நால்வரும் எட்டிப் பார்த்தோம், ஒருவருக்கும் நினைவில்லை. காய்கறி ட்ரேயில் பாதி வெள்ளரிக்காய் பையோடு தண்ணீராகிக் கிடந்தது. தயிர் டப்பா இரண்டு, இரண்டும் திறந்தவை, இரண்டும் பாதி. ஒன்று திறந்திருப்பது தெரியாமல் இன்னொருவர் அடுத்ததைத் திறந்திருக்கிறார். கோபத்தில் எல்லாவற்றையும் தராசில் வைத்தேன். 1 கிலோ 860 கிராம். ஒரு வாரத்துக்கு.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையைப் பார்த்தேன். 2022-ல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில். ஆளுக்கு வருடத்துக்கு 79 கிலோ. நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் வாரம் 6 கிலோ வருகிறதே, நாம் தேவலை என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் அந்தக் கணக்கில் தோல், எலும்பு, கொட்டை எல்லாம் சேர்த்தி. என் 1.86 கிலோ மொத்தமும் சாப்பிட்டிருக்க வேண்டியது.

கேமரா வைத்த ஃப்ரிட்ஜ் வாங்கச் சொல்கிறார் ஒரு தோழி. பார்கோடு ஸ்கேன் செய்து காலாவதித் தேதியை நினைவூட்டும் ஆப் போதும் என்கிறார் தம்பி. இருக்கும் ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடுகிறது, அதைக் கழித்துக்கட்ட மனமில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வாங்கி ஆறு மாதம் கழித்தும் நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஏதாவது உண்டா?


மின்மினி எழுதியது:

கேமரா ஃப்ரிட்ஜ் எங்களிடம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். கதவு சாத்தும்போது உள்ளே ஒரு படம் எடுத்துப் போனுக்கு அனுப்பும். முன்வரிசை பளிச்சென்று தெரியும். பின்வரிசை தெரியாது. உங்கள் பஞ்சு டப்பா இருந்தது எங்கே? பின்மூலையில். ஆப்பிளையும் கேரட்டையும் அடையாளம் கண்டுபிடிக்கிறது, பாராட்டலாம். மூடிய டப்பா அதற்கு வெறும் டப்பா, அவ்வளவுதான்.

கடையில் நின்றுகொண்டு "பால் இருக்கிறதா, இல்லையா" என்று பார்க்க உதவுகிறது. ஒன்றையே இரண்டு முறை வாங்குவது குறைந்தது. ஆனால் அதற்கு, கிளம்பும் முன் கதவைத் திறந்து போனில் ஒரு படம் பிடித்தாலே போதுமே? இணையம் இணைந்த ஃப்ரிட்ஜை எல்ஜி 2000-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாம்சங் 2016-ல் உள்ளே கேமரா வைத்தது. "உங்கள் ஃப்ரிட்ஜே கணக்கு வைத்துக்கொள்ளும்" என்ற பேச்சுக்குக் கிட்டத்தட்ட என் அண்ணன் மகள் வயது. இதற்காக மட்டும் நல்ல ஃப்ரிட்ஜை மாற்றாதீர்கள்.


பழையசாவி எழுதியது:

சகோதரி, உங்கள் தம்பி சொன்ன பார்கோடு வழியில் முழுமூச்சாக இறங்கி மண்ணைக் கவ்வியவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

க்ரோசி என்று ஒரு திறமூல மென்பொருள் உண்டு. வீட்டுச் சரக்கு இருப்பை நிர்வகிப்பதற்கென்றே எழுதியது. பழைய லேப்டாப்பில் அதை நிறுவி, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேனரையும் மாட்டினேன். முதல் சனி, ஞாயிறில் 143 பொருளை ஏற்றினேன். உப்பு, தீக்குச்சி வரைக்கும். அன்று இரவு திரையைப் பார்த்தபோது ஒரு கிடங்கு மேலாளர் ஆன பெருமை.

பிறகுதான் விஷயம் புரிந்தது. பாக்கெட்டில் இருக்கும் சாதாரணப் பார்கோடு, 13 இலக்கம், இது என்ன பொருள் என்பதை மட்டும்தான் சொல்லும். எப்போது காலாவதி என்பது அதில் இல்லவே இல்லை. பெயரை ஓபன் ஃபுட் ஃபேக்ட்ஸ் மாதிரித் தரவுத்தளத்திலிருந்து மென்பொருள் எடுத்துக்கொள்ளும், தேதியை நாம்தான் தட்ட வேண்டும். (தேதியையும் அடக்கக்கூடிய சதுரக் குறியீடுகளைக் கடைகள் படிக்கத் தயாராக 2027 இறுதியை, பார்கோடு விதிகளை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பு இலக்காக வைத்திருக்கிறது. அது பரவலானால் கதை மாறலாம்.) காய்கறிக்குப் பார்கோடே கிடையாது. சமைத்த மிச்சத்துக்கும் கிடையாது. வீணாவதே அவைதான்!

ஏற்றுவதாவது ஒரு நாள் வேலை. கழிப்பது தினசரி வேலை. ஒரு முட்டை உடைத்தால் ஒன்று கழிக்க வேண்டும். மூன்றாம் வாரம் திரையில் 9 முட்டை, தட்டில் 2. அதற்கப்புறம் வீட்டில் யாரும் திரையை நம்பவில்லை. பதினோராவது வாரம் ஸ்கேனரைக் கழற்றினேன். சுவரில் இரண்டு ஓட்டை மட்டும் மிச்சம்.

கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். அப்புறம் உணவகங்களில் என்ன செய்கிறார்கள் என்று படித்தேன். லீன்பாத், வின்னோ போன்ற நிறுவனங்கள் பெரிய சமையலறைகளுக்கு ஒரு கருவி தருகின்றன. அது கிடங்கில் இருப்பதைப் பார்ப்பதில்லை, குப்பைத் தொட்டியைப் பார்க்கிறது. தொட்டிக்கு அடியில் தராசு, என்ன கொட்டினார்கள் என்ற பதிவு. நானும் அதையே மலிவாகச் செய்தேன்: சமையலறைத் தராசு, கயிறு கட்டிய பேனா, ஒரு நோட்டு. நான்கு வாரம். சராசரியாக வாரம் 1.4 கிலோ. எண்ணெய், பருப்பு, மாவு ஒரு தடவைகூட அந்த நோட்டில் வரவில்லை. வந்தவை மூன்றே வகை: சமைத்த மிச்சம், கீரை, திறந்து வைத்த பால் பொருள். நான் 143 பொருளுக்குக் காவல் காத்திருக்கிறேன், திருடன் மூன்று பேர்தான்.

இப்போது ஒன்றரை வருடமாக ஓடிக்கொண்டிருப்பது இதுதான். வீட்டுக் கருவிகளை இணைத்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளில் 2020-லிருந்து டேக் என்றொரு வசதி இருக்கிறது. போனை அருகில் கொண்டுபோனால் அது படித்துக்கொள்ளும் நாணய அளவு என்எஃப்சி ஸ்டிக்கர் பத்து வாங்கி, பத்து டப்பா மூடியில் ஒட்டினேன். மிச்சத்தை டப்பாவில் போட்டு மூடி, போனை மூடிமேல் ஒரு தட்டு. "நீல மூடி, உள்ளே போனது" என்று நேரம் பதிவாகும். காலி செய்து கழுவும்போது இன்னொரு தட்டு, பட்டியலிலிருந்து போய்விடும். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எழுதுவதே இல்லை. ஆரம்பத்தில் எழுத ஒரு கட்டம் வைத்திருந்தேன், அந்த ஐந்து நொடித் தட்டச்சு போதும், எல்லோரும் தட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். "நீல மூடி, 2 நாள்" என்றால் போதும். திறந்து பார்க்கக் கண் இருக்கிறது.

எப்போது நினைவூட்டுவது என்பதில்தான் நிறைய அடிபட்டேன். சமைத்த மிச்சத்துக்கு ஃப்ரிட்ஜில் 3, 4 நாள்தான் கணக்கு. ஆகவே 48 மணி நேரம் ஆனதும் சொல்ல வேண்டும், அப்போதுதான் சாப்பிட அவகாசம் இருக்கும். அந்தச் செய்தியை முதலில் இரவு 7 மணிக்கு வைத்திருந்தேன். பிரயோஜனமே இல்லை. ஏழு மணிக்கு அடுப்பில் புதிதாக ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும். இரவுக்கு என்ன செய்யலாம் என்று எங்கள் வீட்டில் யோசிப்பது நாலரை மணிக்கு. செய்தியையும் நாலரைக்கு மாற்றினேன். வேறு எதையும் மாற்றவில்லை, அடுத்த மாதமே எடை பாதியானது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எஃகு டப்பாவில் சாதாரண ஸ்டிக்கர் வேலை செய்யாது, உலோகத்துக்கென்று தனியாக வரும் வகை வேண்டும். சூடான தண்ணீரில் கழுவிக் கழுவி மூன்று உரிந்துவிட்டன. எல்லா போனிலும் என்எஃப்சி கிடையாது, வாங்கும் முன் பாருங்கள். என் அப்பா போனைச் சமையலறைக்குள் கொண்டுவரவே மாட்டார். அவருக்கு ஒரு காகித டேப் சுருளும் மார்க்கரும் வைத்திருக்கிறேன். தேதி எழுதி ஒட்டுகிறார். அவர் ஒருநாளும் மறந்ததில்லை, நான்தான் மாதம் இரண்டு தடவை தட்ட மறக்கிறேன்.


நூல்கண்டு எழுதியது:

பழையசாவி, "திருடன் மூன்று பேர்தான்" என்பதை வாசித்ததும் என் ஞாயிற்றுக்கிழமைக் குவியல் கண்முன்னே வந்தது. அதே மூன்று.

இன்னொரு சந்தேகம். எங்கள் வீட்டில் கீரை இரண்டே நாளில் வாடிக் கறுத்துவிடுகிறது. சும்மா ஒரு வெப்பமானியை நடுத்தட்டில் வைத்துப் பார்த்தேன், 8 டிகிரி காட்டுகிறது. கதவின் வெளித்திரையில் 4 என்று இருக்கிறது. எதை நம்புவது?


கம்ப்ரசர் எழுதியது:

வெப்பமானியை நம்புங்கள். நான் இருபது வருடமாக ஃப்ரிட்ஜ் மெக்கானிக். திரையில் இருப்பது பெரும்பாலும் நீங்கள் வைத்த அளவு, உள்ளே உண்மையில் இருக்கும் அளவு அல்ல.

உள்ளே 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே, ஃப்ரீசரில் மைனஸ் 18. இது சரியில்லாமல் நீங்கள் எத்தனை ஆப் போட்டாலும் வீண். 8 டிகிரியில் எல்லாமே சீக்கிரம் கெடும். அப்புறம் ஆப்பில் "இன்னும் 2 நாள் இருக்கிறது" என்று வந்தால் அது பொய்.

முதலில் பின்சுவரில் குளிர்காற்று வரும் துளையை எது மறைத்திருக்கிறது என்று பாருங்கள். பத்து வீட்டில் நாலு வீட்டில் ஒரு பெரிய பாத்திரம் அதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அடுத்து கேஸ்கட், அதாவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். பாலைக் கதவுத் தட்டில் வைக்காதீர்கள், உள்ளே வெப்பம் அதிகம் ஏறி இறங்கும் இடம் அதுதான். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி மூன்றும் எத்திலீன் வாயுவை விடும். அது பட்டால் கீரை சீக்கிரம் மஞ்சளாகும். ஒரே ட்ரேயில் போடாதீர்கள்.

வெப்பத்தை அளந்து போனுக்கு அனுப்பும் சென்சார் வைக்க ஆசையிருந்தால் நல்ல காரியம், நான் சிபாரிசு செய்யும் ஒரே ஸ்மார்ட் கருவி அது. கம்பியோடு வரும் டிஎஸ்18பி20 வகை நல்லது. அதன் மெல்லிய கம்பியை ரப்பர் இடுக்கில் விட்டுவிடலாம். பேட்டரி வகையென்றால் உலோக உடம்பு சிக்னலைக் குறைக்கும், குளிரில் பட்டன் பேட்டரியும் சீக்கிரம் சோர்ந்துபோகும். முக்கியமான ஒன்று: சென்சாரைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். கதவைத் திறந்தாலும், தானே டிஃப்ராஸ்ட் ஆகும்போதும் காற்றின் வெப்பம் குபுக்கென்று ஏறும், உங்கள் போன் நாள் முழுக்கக் கத்தும், நாலாம் நாள் அதை அணைத்துவிடுவீர்கள். ஒரு சின்ன பாட்டில் தண்ணீருக்குள் முனையை விடுங்கள். சாப்பாடு எப்படிச் சூடாகிறதோ அப்படித்தான் அதுவும் மெதுவாகச் சூடாகும். வைக்கும் முன் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து அதில் முக்குங்கள். 0 காட்ட வேண்டும், அரை டிகிரி முன்னே பின்னே இருக்கலாம்.

ஸ்மார்ட் பிளக்கில் ஃப்ரிட்ஜை மாட்டாதீர்கள். ஒரு வீட்டில் வெளியூர் கிளம்பும்போது "எல்லாவற்றையும் அணை" என்று ஸ்பீக்கரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள், ஃப்ரிட்ஜ் பழுது என்று.

கரண்ட் போனால் வைஃபையும் போகும், எச்சரிக்கை வராது. அதற்கு ரூட்டரை யுபிஎஸ்ஸில் போட வேண்டும். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48, பாதி நிறைந்தது 24.

வாயுவை முகர்ந்து "கெட்டுவிட்டது" என்று சொல்லும் சின்னக் கருவிகளை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், அதற்கு நாற்றமும் கிடையாது.


மழைக்கால எறும்பு எழுதியது:

எல்லோரும் மன்னிக்க வேண்டும், நான் கட்சி மாறிப் பேசுகிறேன். ஆப்பால் எங்கள் வீட்டில் வீணாவது அதிகமானது.

காரணம் இதுதான். பாக்கெட்டில் இரண்டு விதமான தேதி உண்டு. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்பது பாதுகாப்புக் கணக்கு, தாண்டக் கூடாது. "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்பது தரத்தின் கணக்கு. அது தாண்டிய பிஸ்கட் கொஞ்சம் நமுத்திருக்கும், அவ்வளவுதான். நான் போட்டிருந்த ஆப்புக்கு இரண்டும் ஒன்று. தேதி வந்ததும் சிவப்பில் "காலாவதி!" என்று கத்தும். என் கணவர் சிவப்பைக் கண்டால் யோசிக்க மாட்டார், நேராகத் தொட்டி. ஓட்ஸ், பாஸ்தா, தேன் என்று எல்லாம் போனது. தேன்! அதோடு அந்த ஆப்பை நீக்கினேன்.

இப்போது கண்மட்டத்தில் இருக்கும் தட்டில் மூடியில்லாத ஒரு கூடை. முதலில் தீர்க்க வேண்டியது எல்லாம் அதில். பேட்டரி வேண்டாம். சமையலறைக் கழிவை உலர்த்திப் பொடியாக்கும் மின்கருவியும் கொஞ்ச நாள் இருந்தது. வீணானதன் அளவைத்தான் அது சுருக்கியது, வீணாவதை அல்ல. தூக்கிப் போட்டதைப் பார்க்கும்போது வரும் உறுத்தலும் சேர்ந்து சுருங்கிவிட்டது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.


பழையசாவி எழுதியது:

எறும்பு சொல்வது சரி. தேதியை மட்டும் நம்பும் ஆப் ஆபத்துதான். ஆனால் கூடையில் ஒரு சிக்கல், வைத்தவர் அதில் வைக்க வேண்டுமே. எங்கள் வீட்டில் கூடை இரண்டு வாரத்தில் ஊறுகாய் பாட்டில் நிறுத்தும் இடமானது.


நூல்கண்டு எழுதியது (ஆறு வாரம் கழித்து):

வந்து சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

கம்ப்ரசர் சொன்ன துளையைப் பார்த்தேன். பெரிய பாத்திரம் இல்லை, ரொட்டிப் பாக்கெட் ஒன்று உப்பி அதை அடைத்திருந்தது. எடுத்துவிட்டு, அளவையும் ஒரு புள்ளி குறைத்தேன். மறுநாள் காலை தண்ணீர் பாட்டிலில் 3.5 டிகிரி. கீரை இப்போது ஐந்து நாள் நிற்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்கு மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை என்பதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் பேச்சை மாற்றினான்.

எட்டு மூடிக்கு ஸ்டிக்கர் ஒட்டினோம். பெண்தான் பொறுப்பு. முதல் நாள் ஆர்வத்தில் காலி டப்பாவையெல்லாம் தட்டிவிட்டாள், பட்டியலில் எட்டும் ஏறி நின்றன. மாமியார் போன் எடுக்க மாட்டார். அதனால் நாலு மணிக்குச் சமையலறை ஸ்பீக்கர் தமிழில் சொல்லும்படி கணவர் அமைத்தார்: "பச்சை மூடி, இரண்டு நாள்." மாமியார் முதல் வாரம் "தெரியும், தெரியும்" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அது சொல்வதற்கு முன்பே எடுத்து வெளியே வைத்துவிடுகிறார். அதற்கு முந்திக்கொள்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

கேமரா ஃப்ரிட்ஜ் வாங்கவில்லை. ஞாயிறு எடை இந்த வாரம் 640 கிராம். அதில் 400 கிராம் ஒரே ஒரு தர்ப்பூசணித் துண்டு, அதற்கு மூடி போட்ட டப்பாவே இல்லை.

தயிர் மட்டும் பிடிபடவில்லை. இன்றும் இரண்டு டப்பா திறந்திருக்கிறது. அது கடையிலிருந்து வரும் டப்பா, முடிந்ததும் தூக்கிப் போடுவது, ஸ்டிக்கர் ஒட்டி என்ன பயன்? யாருக்காவது வழி தெரியுமா?


பழையசாவி எழுதியது:

டப்பாவில் ஒட்டாதீர்கள். தயிர் வைக்கும் இடத்தில் ஒரு சின்னத் தட்டைப் போட்டு, திறந்த டப்பா அதில் மட்டும்தான் உட்காரும் என்று வையுங்கள். ஸ்டிக்கர் தட்டுக்கு. தட்டில் ஆள் இருந்தால் புதிது திறக்கக் கூடாது. புதிய டப்பாக்களைக் கீழ்த்தட்டில் பின்னால் தள்ளிவிடுங்கள், எடுக்கக் குனிய வேண்டியிருக்கட்டும்.


நூல்கண்டு எழுதியது:

குனிவதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் மனசு வராது. இன்றே தட்டு போடுகிறேன்.